தூண்டிலும் தோட்டமும்

எழுத்தாளர் ஒருவரைச் சந்திக்கும் வாசகர்கள், அவர் எந்த நேரத்தில் எழுதுகிறார், நாளொன்றுக்கு எத்தனை பக்கம் எழுதுகிறார் என்றெல்லாம் ஆவலோடு விசாரிப்பதுண்டு. எழுதாத வேளைகளில் அவர் என்ன செய்கிறார் என்று கேட்பவர் அபூர்வம். ஆயினும் ஓர் ஆசிரியனுடைய சிருஷ்டி சக்தி எங்கிருந்து ஊறி வருகிறது என்பதை அறிய விரும்புகிறவர்கள், அவனுடைய மேஜையைக் காட்டிலும் அவனுடைய விசிராந்தியையே உற்று நோக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். இதற்கு ருஷிய ஆசிரியர் ஆன்டன் செகாவின் வாழ்க்கையைப் போன்ற தெளிவான திருஷ்டாந்தம் வேறொன்றை நான் அறியேன்.

1895-ஆம் ஆண்டில் அவர் எழுதிய ‘கடற்பறவை’ என்ற நாடகத்தில் திரிகோரின் என்றொரு பிரபல எழுத்தாளன் வருகிறான். வானத்து மேகம் ஒன்று பியானோவின் வடிவில் தோன்றினால், அதை எந்தக் கதையில் சேர்க்கலாம் என்றே அவன் மனம் ஓடுகிறது. காற்றில் மிதந்து வரும் பூவின் மணத்தையும், எதிரே நின்று பேசுபவரின் சொல்லையும், பின்னால் பயன்படுமே என்று அவன் சேமித்துக்கொள்கிறான். தூண்டிலோடு ஏரிக்கரையில் உட்காருவதைப் போன்ற இன்பம் வேறில்லை என்பவன்தான். ஆனால் அந்த இன்பத்திலும் அவன் நிலைத்திருக்க முடிவதில்லை, அடுத்த கதைக்கான விஷயம் வந்து மீண்டும் மேஜைக்கு இழுத்துவிடுகிறது. ஓய்வெடுக்கத் தெரியாத எழுத்தாளனின் சித்திரத்தை இவ்வளவு பரிவோடு வரைந்தவர் வேறெவரும் இலர். அதை வரைந்த செகாவோ, ஓய்வை ஓய்வாகவே அனுபவிக்கக் கற்றுக்கொண்டவர்.

அந்தக் கல்வி எளிதில் வந்ததன்று. 1860-இல் பிறந்த அவர், மாஸ்கோவில் மருத்துவம் படிக்கும் நாளிலேயே தாய் தந்தையரையும் உடன்பிறந்தவர்களையும் காப்பாற்றும் பாரத்தைச் சுமந்தவராய், ஹாஸ்யப் பத்திரிகைகளுக்கு ஓயாமல் எழுதிக் குவித்தார். பட்டம் பெற்றபின் மருத்துவத்தையும் விடவில்லை. ஒன்றில் சலிப்புத் தட்டும்போது மற்றொன்றிடம் போய் இளைப்பாறுவதாக நண்பருக்கு எழுதிய கடிதமொன்றில் அவரே கூறியிருக்கிறார். இதற்கிடையில் க்ஷயரோகம் அவருடைய மார்பில் குடிபுகுந்துவிட்டது.

1892-இல் மாஸ்கோவுக்குத் தெற்கே சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மெலிஹோவோ என்ற கிராமத்தில் ஒரு பண்ணையை விலைக்கு வாங்கிக் குடியேறினார். அங்கே குளம் வெட்டி மீன் விட்டார், மரம் நட்டார், ரோஜா வளர்த்தார், கட்டைக் கால்களுடைய இரண்டு நாய்களை வளர்த்து, வைத்தியருக்கே தோன்றக்கூடிய விதத்தில், புரோமின், கொயினா ஆகிய மருந்துகளின் பெயரால் அவற்றைப் புரோம் என்றும் ஹினா என்றும் அழைத்தார். நாடி வரும் குடியானவர்களுக்குக் காசு வாங்காமல் சிகிச்சை செய்தார். ‘கடற்பறவை’ அந்தத் தோட்டத்தின் நடுவே கட்டிய சின்னஞ்சிறு குடிலில்தான் எழுதப்பட்டது.

மீன் பிடிப்பதில் அவருக்கிருந்த மோகத்தை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட மனம் வரவில்லை. 1885-இல் வெளியான அவருடைய சிறுகதையொன்றில், தண்டவாளத்தைப் பிணைத்திருந்த நட்டு ஒன்றைக் கழற்றிய குடியானவன் நீதிபதியின் முன் நிறுத்தப்படுகிறான். ரயில் கவிழ்ந்து உயிர்கள் மாளுமே என்று நீதிபதி கேட்கிறார். அவனோ, தூண்டில் ஆழத்தில் இறங்கவேண்டுமானால் நரம்பில் கனமான குண்டு கட்ட வேண்டாமா, துவாரமுள்ள நட்டைப் போல் அதற்கு வாகானது வேறேது என்று நிதானமாக விளக்குகிறான். எந்த மீன் நீர்மட்டத்தில் இரை எடுக்கும், எது அடியாழத்திலேயே திரியும் என்ற நுட்பமெல்லாம் அவன் வாயிலிருந்து வருகின்றன. சட்டமும் அறியாமையும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளாமல் எதிரெதிரே நிற்கும் அந்தப் பரிதாபமான சம்பாஷணையை, நீர்க்கரையில் பல நாள் தக்கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரன்றி வேறொருவர் எழுதியிருக்க முடியாது. கதை தேடித்தான் அவர் கரைக்குப் போனார் என்று நான் நம்பவில்லை. மீனுக்காகவே போனார், கதை தானாக உடன் வந்தது.

இது எப்படி நிகழ்கிறது? பாலில் உறை ஊற்றியபின் பாத்திரத்தை அசைக்கலாகாது என்பதை நம் வீட்டுப் பெண்கள் அறிவார்கள். மனத்திலும் அப்படி உறைய வேண்டியவை உண்டு. பிரெஞ்சுக் கணித மேதை ஆன்ரி புவான்காரே, தம்மை நெடுநாள் அலைக்கழித்த ஒரு பிரச்சினையைப் பற்றிச் சற்றும் சிந்திக்காமல் பிரயாணம் செய்துகொண்டிருந்த சமயத்தில், வண்டியின் படியில் கால் வைத்த க்ஷணத்திலேயே அதன் விடை மின்னியதாக எழுதி வைத்திருக்கிறார். படியில் கால் வைக்கும் எல்லோருக்கும் விடை மின்னுவதில்லை என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்; அதற்கு முன்னால் அவர் பல நாள் பிரயாசைப்பட்டிருந்தார். உழைப்பு இல்லாதவனுக்கு ஓய்வும் பலன் தருவதில்லை.

செகாவின் கீழ்த்திசைப் பிரயாணமும் இதைத்தான் காட்டுகிறது. 1890-இல் சைபீரியாவைக் கடந்து சகாலின் தீவுக்குப் போய், அங்கே நாடு கடத்தப்பட்டிருந்த கைதிகளைப் பற்றிக் குடிசை குடிசையாகச் சென்று மூன்று மாதகாலம் கணக்கெடுத்தபின், மனம் கசந்தவராய்க் கப்பலேறித் திரும்பினார். வழியில் இறந்த இருவரின் உடல்கள் கடலில் இறக்கப்பட்டதைக் கண்டார். நவம்பரில் கொழும்பை அடைந்து, ரயிலேறிக் கண்டிக்குச் சென்று, அந்தப் பச்சைப் பசேலென்ற பூமியைச் சுவர்க்கமென்றே கடிதத்தில் கொண்டாடினார். கீரிப்பிள்ளைகள் வாங்கிக்கொண்டார், கீரி என்று சொல்லி விற்கப்பட்டவற்றுள் ஒன்று மரநாய் என்று பின்னர்தான் தெரிந்தது. ஒரு சிறுவனைப் போல அவர் குதூகலித்த அந்தச் சில நாட்களில்தான், கப்பலில் மாண்டு சமுத்திரத்தில் சமாதியாகும் ஏழைச் சிப்பாயின் கதையான ‘கூசெவ்’ அவர் உள்ளத்தில் உருவாயிற்று. சகாலினின் துயரமும் கப்பலின் மரணமும் உறைந்து கதையாவதற்கு இலங்கையின் நிழல் வேண்டியிருந்தது போலும்.

நோய் முற்றியதும் கருங்கடற் கரையிலுள்ள யால்டாவுக்கு வாசம் மாற்ற நேர்ந்தது. அங்கே 1899-இல் தாம் கட்டிய வீட்டைச் சுற்றிலும், கல்லும் முள்ளுமாய்க் கிடந்த சரிவில், தம் கையாலேயே மரங்களையும் ரோஜாச் செடிகளையும் நட்டார். இருமி இருமித் தளர்ந்த சரீரத்தோடு அவர் செடிகளைப் பேணியதை நண்பர் குப்ரின் உருக்கமாக எழுதியிருக்கிறார். அந்த மரங்கள் ஓங்கி நிழல் தரும் காலத்தில் தாம் இருக்கப்போவதில்லை என்பதை மருத்துவரான அவர் அறியாதவரா? ‘வான்யா மாமா’ நாடகத்தில் காடுகள் அழிவதைக் கண்டு நெஞ்சு பதைத்து மரக்கன்று நடும் வைத்தியரும், கடைசி நாடகமான ‘செர்ரித் தோட்ட’த்தில் கோடாலிக்கு இரையாகும் தோட்டமும், மண்ணில் கை வைத்தவருடைய மனத்தில் பிறந்தவை. அந்தக் கடைசி நாடகம் 1904 ஜனவரியில் அரங்கேறியது. அதே ஆண்டு ஜூலையில் அவர் காலமானார்.

வேறு பெரியோர்களும் இவ்வாறே இளைப்பாறியிருக்கிறார்கள். டால்ஸ்டாய் குடியானவர்களோடு நின்று புல் அறுத்தார். இளைய மகனைப் பறிகொடுத்த 1895-ஆம் ஆண்டில், தமது 67-ஆம் வயதில், சைக்கிள் விடக் கற்றார். ரவீந்திரநாத தாகூர் கையெழுத்துப் பிரதியில் அடித்துத் திருத்திய கோடுகளையே உருவங்களாக்கி மகிழத் தொடங்கி, அறுபதைக் கடந்த வயதில் ஓவியராகி, 1930-இல் பாரிஸ் நகரில் தம் படங்களைக் காட்சிக்கு வைத்தார். இவர்கள் எவரும் அரிவாளையோ தூரிகையையோ எழுத்துக்குச் சாதனமாகக் கருதிக் கையில் எடுக்கவில்லை.

ஆகையால் நம் பத்திரிகாசிரியர்களிடம் ஒரு விண்ணப்பம் உண்டு. பொங்கல் மலருக்கும் தீபாவளி மலருக்கும் கதை கேட்டு எழுத்தாளரை நெருக்கும் நீங்கள், ஆண்டில் ஒரு மாதமாவது அவரை அவருடைய தோட்டத்துக்கோ, ஆற்றங்கரைக்கோ, சங்கீதக் கச்சேரிக்கோ போகவிடுங்கள். திரும்பி வந்தவரிடம், போன இடத்தில் என்ன எழுதினீர்கள் என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.