மாத்திரைக்கு எட்டாத மண்

ஆண்டுதோறும் பிப்ரவரி 10ஆம் நாளன்றும், பல மாநிலங்களில் ஆகஸ்டு 10ஆம் நாளன்றும், பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அல்பெண்டசோல் என்னும் மாத்திரை வழங்கப்படுகிறது. 2015ஆம் ஆண்டில் தொடங்கிய தேசியக் குடற்புழு நீக்க நாள் திட்டம் இதுவாகும். 1 முதல் 19 வயது வரை உள்ளோர் இம்மாத்திரையைப் பெறுகின்றனர். தில்லியில் பயிலும் மாணவரும் திருநெல்வேலியில் பயிலும் மாணவரும் இதனையே மென்று விழுங்குகின்றனர். மாத்திரை புழுக்களை அழித்துவிடும் என்றால், அதனை மீண்டும் மீண்டும் ஏன் உண்ண வேண்டும்?

விடை மண்ணில் இருக்கிறது.

உருண்டைப்புழு நம் சிறுகுடலில் வாழ்கிறது. ஒரு சாணுக்கு மேலும் வளரும். பெண்புழு நாளொன்றுக்கு 2,00,000 முட்டைகள் வரை இடும். அவை மலத்துடன் வெளியேறுகின்றன. வெளியேறிய உடனே அவற்றால் நோய் தொற்றாது என்பது வியப்புக்குரியது. ஈரமண்ணில் சில வாரங்கள் கிடந்து முதிர்ந்த பின்னரே அவை தொற்றும் ஆற்றலைப் பெறுகின்றன. மலம் கழிப்பறைக் குழியில் அடங்கிவிட்டால், முட்டையின் பயணம் அங்கேயே தடைப்படும். திறந்தவெளியில் கிடந்தால், மழைநீர் அம்முட்டைகளைக் கீரைப்பாத்திக்கும் விளையாட்டுத் திடலுக்கும் கொண்டு செல்லும். மண்ணில் அவை ஆண்டுக்கணக்கில் உயிருடன் இருக்கவல்லவை. முட்டையின் மேலுறை ஒட்டும் தன்மை உடையது. ஆதலால் கையை நீரில் நனைத்தால் போதாது. சோப்பிட்டு, நகக்கண் வரை தேய்த்துக் கழுவ வேண்டும். கீரையையும் நன்கு அலச வேண்டும்.

கொக்கிப்புழுவின் வழி வேறு. அதன் முட்டை மண்ணிலேயே பொரிகிறது. இளம்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுள் நுழைந்து, குருதியோடு நுரையீரலை அடைந்து, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலைச் சேர்கிறது. எத்தனை நீண்ட சுற்றுவழி! குடற்சுவரைக் கவ்வி அது குருதியை உறிஞ்சுவதால் இரத்தசோகை உண்டாகிறது. வகுப்பில் சோர்ந்து அமர்ந்திருக்கும் மாணவரைச் சோம்பேறி என்று கூறிவிடுவது எளிது. அவர் குடலில் இருப்பதை யார் அறிவார்? இப்புழுவைத் தடுக்கக் கை கழுவுதல் மட்டும் உதவாது. காலில் செருப்பு வேண்டும்.

மாத்திரை குடலிலுள்ள புழுவைக் கொல்லும். மண்ணிலுள்ள முட்டையை அது தீண்டாது. நம் வீட்டில் கழிப்பறை இருந்தாலும், அருகிலுள்ள கட்டுமானப் பணியிடத்தில் தங்கி உழைப்போர்க்கு அது இல்லையெனில், அவர்களும் நாமும் மிதிக்கும் மண் ஒன்றே. கைக்குழந்தையின் மலம் தீங்கற்றது எனச் சிலர் எண்ணி, அதனைக் குப்பைமேட்டில் எறிகின்றனர். புழுவுள்ள குழந்தையின் மலத்திலும் முட்டைகள் இருக்கும். அதனையும் கழிப்பறையிலேயே இட வேண்டும்.