பெயர்ப்பலகை இருக்கிறது, வெளிச்சம்தான் இல்லை: பழைய விளக்குகளுக்கு உயிர் கொடுப்பது எப்படி?

எங்கள் ஒழுங்கையில் நான்கு சோலார் விளக்குகள் நிற்கின்றன. நான்கும் நன்கொடையாக வந்தவை. ஒவ்வொரு கம்பத்திலும் ஒரு பெயர்ப்பலகை. யார் அன்பளிப்புச் செய்தது, யார் முன்னிலையில் கையளிக்கப்பட்டது என்பதெல்லாம் அதில் அழகாக எழுதப்பட்டிருக்கிறது. இரண்டு வருடம் போவதற்குள் மூன்று விளக்குகள் அணைந்து விட்டன. நான்காவது மஃரிபுக்கு எரியும். இஷா தொழுதுவிட்டு வருவதற்குள் அதுவும் கண்ணை மூடிவிடும். பலகையின் பெயின்ட் மட்டும் இன்னும் மங்கவில்லை.

கடந்த மாரியில் ஓரிரவு, கடைசி வீட்டு ராத்தா மகள் வீட்டிலிருந்து திரும்பி வரும்போது மூடியில்லாத வடிகானுக்குள் காலை விட்டு விழுந்தார். கால் எலும்பு முறிந்தது. அவர் விழுந்த இடம் மூன்றாவது விளக்கின் நேர் கீழே.

மறுநாள் ஜமாஅத்தார் கூடிப் பேசினார்கள். புதிய விளக்கு கேட்டு ஒரு கடிதம் எழுதலாம் என்பதுதான் எல்லோருடைய யோசனையாகவும் இருந்தது. நான் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர். நமக்குக் கடிதம் எழுதிப் பழக்கமும் உண்டு, அது போய்ச் சேரும் கதியும் தெரியும். "அந்த மூன்றையும் கீழே இறக்கித் தாருங்கள், ஒருமுறை திறந்து பார்ப்போம்" என்று கேட்டேன். பள்ளிவாசல் நிர்வாகமும் சம்மதித்தது. திறந்து பார்த்ததில் நான் கற்றுக்கொண்டதையும், அதற்குப் பிறகு பழைய இரும்புக் கடையில் கிடந்த வீட்டு விளக்குகளைச் சோலார் விளக்காக மாற்றிய கதையையும்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்த விளக்குகள் நம் ஊர்களுக்கு எப்போது வந்தன என்பது உங்களுக்கு ஞாபகமிருக்கும். 2022 மார்ச் 31 இல் 13 மணித்தியால மின்வெட்டு அமுலுக்கு வந்தது. மின்சாரத்தைச் சேமிப்பதற்காக நாடு முழுவதும் வீதி விளக்குகளை அணைக்குமாறு பணித்திருப்பதாக அப்போதைய மின்சக்தி அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி சொன்னார். அதற்குச் சில நாட்களில் ரமழான் பிறந்தது. தராவீஹுக்குப் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, கைபேசி வெளிச்சத்தில் நடந்தோம். அந்த இருட்டைப் பார்த்துத்தான் தனவந்தர்கள் சோலார் விளக்குகளைத் தந்தார்கள். நல்ல மனதோடு தந்தார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பெட்டரி பழுதானால் யார் மாற்றுவது என்று கொடுத்தவரும் கேட்கவில்லை, வாங்கிய நாமும் கேட்கவில்லை.

விளக்கைத் திறந்தால் உள்ளே நான்கே நான்கு சாமான்தான். மேலே சூரியப்படலம், கீழே எல்.ஈ.டி தட்டு, இடையில் பெட்டரி, அதற்குப் பக்கத்தில் தீப்பெட்டி அளவு ஒரு சர்க்கியூட் பலகை. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். மூன்று விளக்குகளிலும் படலம் நன்றாக இருந்தது. எல்.ஈ.டியும் இரண்டில் நன்றாக இருந்தது. செத்துப் போயிருந்தது பெட்டரி மாத்திரமே. காரணமும் கண் முன்னாலேயே தெரிந்தது. பெட்டரியைச் சூரியப்படலத்துக்கு நேர் கீழே, ஒரு விரலிடை கூட இல்லாமல் ஒட்டி வைத்திருக்கிறார்கள். நண்பகல் வெயிலில் அந்தப் படலத்தைத் தொட்டுப் பாருங்கள், கையை எடுத்துவிடுவீர்கள். அந்தச் சூட்டில் தினமும் வேகும் பெட்டரி எத்தனை நாளைக்குத் தாங்கும்?

ஆகவே புதிய பெட்டரியை அதே இடத்தில் வைக்கவில்லை. கம்பத்தில் ஆள் உயரத்துக்கு மேலே, நிழல் விழும் பக்கத்தில், மூடி இறுகிய ஒரு பிளாஸ்டிக் பெட்டியைப் பூட்டி அதற்குள் வைத்தேன். இதில் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். பழைய பெட்டரியின் மேல் 3.2 வோல்ட் என்றிருந்தால் 3.2 வோல்ட் பெட்டரியே போட வேண்டும். 3.7 என்றிருந்தால் 3.7. இரண்டும் லித்தியம்தான், ஆனால் வேறு வேறு வகை. முதலாவது 3.65 வோல்ட்டில் நிறைந்துவிடும், மற்றது 4.2 வரை போகும். சர்க்கியூட் பலகை எதற்காகச் செய்யப்பட்டதோ அந்த அளவுக்குத்தான் அது மின்னேற்றும். மாற்றிப் போட்டால் ஒன்றில் பெட்டரி அரைகுறையாக நிற்கும், இல்லாவிட்டால் அளவுக்கு மேல் ஏறி ஆபத்தாகும். பழைய மடிக்கணினியிலிருந்து கழற்றிய பெட்டரிகளைச் சில இளைஞர்கள் இதற்குப் பாவிக்கிறார்கள். எவ்வளவு அடிபட்டது என்று தெரியாத லித்தியத்தை வெயிலில் தொங்கவிடுவதை நான் ஒருபோதும் செய்யமாட்டேன். அது தீப்பிடித்தால் இலேசில் அணைகிற தீ அல்ல.

பெட்டியில் போட்டிருக்கும் வொட் கணக்கையும் நம்ப வேண்டாம். எங்கள் விளக்குகளில் 200 வொட் என்று அச்சடித்திருந்தது. சின்னக் கணக்கொன்று போடுவோம். உச்சி வெயில் ஒரு சதுர மீற்றரில் ஏறத்தாழ 1000 வொட் சக்தியைக் கொட்டுகிறது. நல்ல படலம் அதில் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக்கும். போட்டோகொப்பி எடுக்கும் ஏ4 தாள் அளவு படலத்துக்கு அது கிட்டத்தட்ட 12 வொட். நம் நாட்டு வெயிலில் நாளொன்றுக்கு நான்கு மணித்தியாலம் முழு வெயில் என்று வைத்து, இழப்புகளையும் கழித்தால், இரவுக்கு மிஞ்சுவது 35 வொட் மணித்தியாலம் அளவில். நமது இரவு 12 மணித்தியாலம். ஆக, விடியும்வரை எரிய வேண்டுமென்றால் 3 வொட்டுக்கு மேல் எரிக்க முடியாது. 200 எங்கே, 3 எங்கே! ஆனால் 3 வொட் எல்.ஈ.டி ஒரு பழைய 25 வொட் குமிழை விடச் சற்றுக் கூடுதலான வெளிச்சம் தரும். ஒழுங்கையில் வடிகான் எங்கே, நாய் எங்கே படுத்திருக்கிறது என்று பார்க்க அது போதும். விளையாட்டு மைதானம் மாதிரி வெளிச்சம் வேண்டுமென்று ஆசைப்பட்டதால்தான் இஷாவோடு இருட்டாகிப் போகிறது.

இரண்டு விளக்குகள் இப்படித் திரும்பி வந்தன. மூன்றாவதின் கூடு வெடித்து, மழைத்தண்ணீர் உள்ளே போய், எல்.ஈ.டி தட்டு பச்சைக் களிம்பு பிடித்துக் கிடந்தது. படலம் மட்டும் பாவிக்கலாம். அதற்கொரு கூடு தேடித்தான் பழைய இரும்புக் கடைக்குப் போனேன்.

அங்கே எனக்கு ஆச்சரியம் காத்திருந்தது. ஊரில் பழைய வீடுகளை உடைத்து மாடி வைக்கிறார்களே, அந்த வீடுகளின் வாசல் விளக்குகள் எல்லாம் நிறைக்கு விலைபேசக் காத்துக் கிடந்தன. வார்ப்பு அலுமினியம், கனமான கண்ணாடி, சிலவற்றில் பித்தளை மூடி. முப்பது நாற்பது வருடம் உப்புக் காற்றில் நின்றும் உடல் கெடாதவை. இன்று கடையில் வாங்கும் பிளாஸ்டிக் சோலார் விளக்கில் உள்ளே இருப்பது நல்லது, வெளியே இருப்பது குப்பை. இந்தப் பழைய விளக்குகளிலோ உள்ளே ஒன்றுமில்லை, வெளியே பொன். இரண்டையும் சேர்த்து வைப்பதுதான் வேலை. மூன்று கூடுகளைப் பேரம் பேசி வாங்கி வந்தேன். வீட்டில் என் மனைவி கேட்டதை இங்கே எழுத வேண்டியதில்லை.

முதல் வேலை, பழைய வயரையும் குமிழ் மாட்டும் ஹோல்டரையும் முழுதாகக் கழற்றி எறிவது. ஹோல்டர் அழகாக இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது. நாளைக்கு யாராவது அதைப் பார்த்து வீட்டு மின்சாரத்தைக் கொடுத்துவிட்டால், கையால் தொடும் அலுமினியக் கூடு முழுவதும் 230 வோல்ட் ஏறலாம். பழைய புளோரசன்ட் குமிழ் உள்ளே இருந்தால் உடைக்காமல் எடுங்கள், அதற்குள் பாதரசம் இருக்கிறது. பிறகு சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, துருவை உரசி, பெயின்ட் அடித்துக் காயவிட வேண்டும்.

வாசற்படிக்கும் கேற்றுத் தூணுக்கும் சிறிய வெளிச்சம் போதும். அதற்குப் பூந்தோட்டத்தில் குத்திவைக்கும் சின்னச் சோலார் விளக்கின் தலையே போதுமானது. எரியவில்லை என்று வீசப்பட்டவை எத்தனையோ வீடுகளின் பின்வளவில் கிடக்கும். அதைத் திறந்தால் ஏ.ஏ அளவில் 1.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் பெட்டரி ஒன்று இருக்கும். பத்தில் எட்டு விளக்குகளில் நான் கண்ட பழுது அந்தப் பெட்டரி அல்லது அதன் துருப்பிடித்த தொடுகை. துருவை உரசி, புதிய மின்னேற்றும் பெட்டரி போட்டால் எரியும். கடையில் விற்கும் சாதாரண ஏ.ஏ பெட்டரியைப் போடாதீர்கள். அது மின்னேற்றத்துக்கானதல்ல, கசிந்து எல்லாவற்றையும் அரித்துவிடும். படலத்தின் மேற்பூச்சு மஞ்சளாகியிருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, தெளிவான வார்னிஷ் ஒரு கை பூசுங்கள். முழுதாகத் திரும்பாது, ஆனால் முன்னேற்றம் தெரியும்.

அந்தத் தலையைப் பழைய வாசல் விளக்கின் மூடியில் வட்டமாக வெட்டி உட்கார வைத்து, சுற்றிவர சிலிக்கன் பூசினேன். படலம் வானத்தைப் பார்க்கும், எல்.ஈ.டி கண்ணாடிக்குள் கீழ்நோக்கி எரியும். இதற்கு ஆளி தேவையில்லை. சூரியப்படலத்திலிருந்து மின் வருவது நின்றால் இரவு என்று சர்க்கியூட் தானாக விளங்கிக்கொள்ளும். பேரப்பிள்ளைகளுக்குக் காட்டினேன். கையால் படலத்தைப் பொத்தினால் எரிகிறது, எடுத்தால் அணைகிறது. அன்று பின்னேரம் முழுவதும் அதுதான் விளையாட்டு. இதே காரணத்தால், பக்கத்தில் வேறு பிரகாசமான விளக்கு இருந்தால் இது பகல் என்று நினைத்து எரியாமலே இருந்துவிடும். இடம் பார்த்து வைக்க வேண்டும்.

முதலாவதில் நான் ஒரு பிழை விட்டேன். தண்ணீர் ஒரு சொட்டும் போகக் கூடாது என்று எல்லாப் பக்கமும் சிலிக்கனால் அடைத்தேன். ஒரு கிழமையில் கண்ணாடியின் உட்புறம் வியர்த்து வழிந்தது. பகல் சூட்டில் விரியும் காற்று எப்படியாவது வெளியேறும், இரவில் குளிரும்போது ஈரத்தோடு உள்ளே வரும். வந்த ஈரம் போக வழியில்லை. பிறகு அடித்தட்டில் சிறு துளையொன்று போட்டேன், சரியானது. ஆனால் அந்தத் துளைக்குள்ளால் எறும்புகள் குடியேறின. இப்போது துளையில் நுளம்பு வலைத் துண்டு ஒட்டியிருக்கிறது. கடலோரத்தில் இருப்பவர்கள் தொடுகைகளில் கொஞ்சம் வெஸலின் பூசிவிடுங்கள், துருப்பிடிக்காத உருக்கு ஆணிகளையே பாவியுங்கள். உப்புக் காற்றுக்குச் சாதாரண ஆணி ஒரு மாரிகூடத் தாங்காது.

ராத்தா விழுந்த இடத்துக்குச் சின்ன விளக்கு போதாது. அங்கேதான் அந்த மூன்றாவது படலத்தைப் பயன்படுத்தினேன். அதன் சர்க்கியூட் பலகை தப்பியிருந்ததால் 3.2 வோல்ட், 6 அம்பியர் மணி பெட்டரிகள் இரண்டைச் சமாந்தரமாக இணைத்தேன். பெருக்கிப் பார்த்தால் 38 வொட் மணித்தியாலம். மேலே போட்ட கணக்கோடு பொருந்தி வருகிறது. பெட்டரிக்கு அருகிலேயே ஒரு பியூஸ் வைக்க மறக்கவில்லை. படலத்தைத் தெற்குப் பார்த்து, சுமார் பத்துப் பாகை சாய்த்து வைத்தேன். நமது நாடு மத்திய கோட்டுக்குச் சற்று வடக்கே இருப்பதால் அந்தச் சாய்வு போதும், மழை வந்தால் தூசும் கழுவுப்பட்டு ஓடும். படுக்கையாக வைத்தால் காக்கை எச்சம் அப்படியே காய்ந்து கிடக்கும். ஒரு தென்னோலையின் நிழல் குறுக்கே விழுந்தாலும் படலத்தின் உற்பத்தி பாதியாகலாம் என்பதால் பக்கத்து வளவுக்காரரிடம் கேட்டு இரண்டு ஓலைகளை வெட்டினோம். விளக்கைத் தூக்கியது எங்கள் சொந்தக் குழாய்க் கம்பத்தில். மின்சாரக் கம்பத்தில் கை வைக்கக் கூடாது, அது சட்டத்துக்கும் பிழை, உயிருக்கும் ஆபத்து.

கார்த்திகை, மார்கழியில் கிழக்கில் தொடர்ந்து மூன்று நாள் வெயில் வராத காலம் உண்டு. அப்போது இந்த விளக்கு நடுச்சாமத்துக்கு மேல் மங்கும். அதை மறைக்க விரும்பவில்லை. 2025 பெப்ரவரி 9 இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று புகுந்து நாடு முழுவதும் பகலில் மின்சாரம் போனதே, அப்படி வெயில் காய்ந்த நாளில் மின்சாரம் போய் இரவுவரை வராவிட்டால் இவை நன்றாகக் கைகொடுக்கும்.

செத்த பெட்டரிகளைக் குப்பையில் போடவோ, ஈயத்துக்காக உடைக்கவோ வேண்டாம். ஈய பெட்டரிகளைச் சேகரிப்பவர்கள் காசு கொடுத்தே வாங்குகிறார்கள். லித்தியத்தை முனைகளில் டேப் ஒட்டித் தனியே வைத்திருந்து இலத்திரனியல் கழிவு சேகரிக்கும்போது கொடுங்கள்.

இப்போது பள்ளிவாசல் கணக்கில் விளக்குப் பெட்டரிக்கென்று ஒரு சிறு உண்டியல் இருக்கிறது. வாலிபர் இருவர் மாதம் ஒருமுறை படலங்களைத் துடைக்கிறார்கள். பெட்டரி மாற்றிய திகதியைக் கம்பத்திலேயே, பெயர்ப்பலகைக்குக் கீழே, மார்க்கரால் எழுதி வைக்கிறோம்.

ராத்தா இப்போது கைத்தடியோடு நடக்கிறார். போன கிழமை என்னைக் கூப்பிட்டார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்துப் போனேன். "மனே, உங்கட லைட்டு ராவெல்லாம் என்ட ஜன்னலுக்குள்ள அடிக்கிது. தூக்கமில்ல. கொஞ்சம் மறச்சி உடுங்க" என்றார். பால்மா டின் ஒன்றைப் பாதியாக வெட்டி, அவர் ஜன்னல் பக்கமாக விளக்கில் பூட்டிவிட்டு வந்தேன். வடிகானுக்கு மூடி போடச் சொல்லிக் கொடுத்த கடிதத்துக்குத்தான் இன்னும் பதில் வரவில்லை.