செவிலியும் நீராடலும்

பெற்றோர் தம் இளங்குழந்தையை நீராட்டி வருமாறு செவிலியிடம் ஒப்புவிக்குங்கால், ஓர் உயிரையே ஒப்புவிக்கின்றனர். ஆதலின் அவள் அறியவேண்டுவன சிலவற்றை ஈண்டு ஆராய்வாம்.

நீரில் அமிழ்வோர் கூவியழைப்பர் என்பது பலர் கருத்து. உண்மை அதற்கு மாறானது. மூச்சுக்கே போராடும் வாய் கூவ இயலாது. எனவே குழந்தை ஓசையின்றி ஒரு நிமிடத்துக்குள் மூழ்கிவிடக்கூடும். குழந்தையின் தலை உடலை நோக்கப் பெரிதாதலின், குப்புற வீழ்ந்தால் ஒரு சாண் நீரும் கேடு பயக்கும். 2021-ஆம் ஆண்டில் உலகில் நீரில் மூழ்கி இறந்தோர் ஏறத்தாழ 3,00,000 பேர் என்றும், அவருள் நாலில் ஒரு பங்கினர் வரை 5 வயது நிரம்பாதவர் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது.

ஆகவே செவிலி கரையிலமர்ந்து நோக்குதல் போதாது; குழந்தை அவள் கைக்கெட்டும் தொலைவிலேயே இருத்தல் வேண்டும். வீண்பேச்சும் தொலைபேசியும் அப்பொழுது விலக்கத்தக்கன. காற்றடைத்த வளையம் விளையாட்டுப் பொருளேயன்றி உயிர்காக்கும் கருவியன்று. குழந்தையைக் காணாவிடின் முதலில் நீரிலேயே தேடுக. எடுத்த குழந்தை மூச்சற்றிருப்பின், தலைகீழாய்ச் சுழற்றலும் வயிற்றை அமுக்கலும் காலத்தைப் போக்கும். மருத்துவ உதவிக்கு ஆளை ஏவிவிட்டு, உடனே வாய்வழி ஐந்து முறை மூச்சளித்து, பின்னர் மார்பை அழுத்துதலும் மூச்சளித்தலும் மாறிமாறிச் செய்க. இம்முறையை முன்னரே பயிலுதல் வேண்டும்.

நீந்தத் தெரியாத செவிலியைக் குளத்துக்கு ஏவுதல் பெற்றோர் பிழையேயன்றி அவள் பிழையன்று. ‘எனக்குத் தெரியாது’ என்று அவள் அஞ்சாது கூறும் இல்லத்திலேதான் குழந்தைக்குக் காவல் உண்டென்று நாம் துணிந்து கூறுவோம்.