வைக்கோல் போருக்குத் தீ வைத்தவர்!

ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகள் 1937 முதல் பத்தாண்டு காலம் பாடமாகப் படித்த கதை இது.

மேட்டில் குடியிருந்தார் ஒரு கிழவர். நிலம் ஆடியது. கடல் பின்வாங்கியது. கீழே இருந்த ஊர் மக்களோ திருவிழா நினைப்பில் இருந்தார்கள். கூவினால் கேட்காது. கிழவர் என்ன செய்தார்? அறுத்து அடுக்கியிருந்த தம் நெற்போர்களுக்குத் தாமே தீ வைத்தார்! ஓராண்டு விளைச்சலை எரிப்பதென்றால் விளையாட்டா? உழுதவனுக்குத்தான் அந்த வலி தெரியும். தீயை அணைக்க ஊரே மேடேறி வந்தது. பின்னாலேயே வந்தது பேரலை. வீடுகள் போயின, உயிர்கள் பிழைத்தன.

உண்மையில் நடந்தது சற்று வேறு.

ஊர் ஹிரோ. காலம் 1854 டிசம்பர். மனிதர் ஹமாகுச்சி கோர்யோ. கிழவரல்ல, 34 வயது. சோயா சாஸ் தயாரிக்கும் வணிகக் குடும்பத்துப் பிள்ளை. அலையில் தப்பியவர்கள் இருட்டில் திசை தெரியாமல் தவித்தார்கள். அவர்களுக்கு வழி காட்டத்தான் வைக்கோல் போர்களைக் கொளுத்தினார்.

பெரிய வேலை அதன் பிறகுதான். சொந்தப் பணத்தில் கடலோரம் கரை எழுப்பினார். பிழைப்பிழந்த ஊராருக்கு அங்கேயே வேலை, கூலி! நீளம் சுமார் 600 மீட்டர், உயரம் 5 மீட்டர். முடிய ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஆயின. பாடப் புத்தகத்தில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

கோர்யோ 1885-ல் காலமானார். 1946-ல் மறுபடி பேரலை வந்தது. கரைக்குப் பின்னால் இருந்த ஊரில் பெரும்பகுதி தப்பியது.

ஆண்டுதோறும் நவம்பரில் அவ்வூர்ப் பிள்ளைகள் மண் சுமந்து வந்து அந்தக் கரைமீது போடுகிறார்கள்.