பலாலி ஓடுபாதையும் பருவக் காற்றும்

தீவுப்பகுதி மக்களுக்குக் காற்றே பஞ்சாங்கம். வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து சோழகம் வீசும். மார்கழி, தை மாதங்களில் வடகிழக்கிலிருந்து வாடை வீசும். ஊர்காவற்றுறையிலிருந்து பாய்க்கப்பல்கள் புறப்பட்ட காலத்தில் பயணநாளைக் குறித்தவை இவ்விரு காற்றுகளே. பாய்கள் மறைந்து இயந்திரப் படகுகள் வந்த பின்னரும், குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குச் செல்லும் படகு சோழகம் மிகுந்த நாட்களில் நின்றுவிடுவதுண்டு. நயினாதீவு நாகபூஷணி அம்மனின் ஆனித் திருவிழாவுக்குச் செல்லும் அடியார்களும் அக்காற்றினிடையே கடலைக் கடக்க வேண்டியிருக்கிறது.

படகைத் தடுக்கும் இதே காற்று விமானத்துக்குத் துணையாகிறது. தீவுகளுக்கு வடகிழக்கே, குடாநாட்டின் வடகரையை அண்டி அமைந்துள்ள பலாலி விமானத்தளம் இதற்குச் சான்றாகும். அங்குள்ள ஓடுபாதையின் ஒரு நுனிக்கு 05 என்றும், மறு நுனிக்கு 23 என்றும் எண்கள் இடப்பட்டுள்ளன. வடக்கிலிருந்து வலமாக அளந்தால் முறையே 50 பாகை, 230 பாகை என்பதே அவற்றின் பொருள். சுருங்கக் கூறின், ஓடுபாதை வடகிழக்குக்கும் தென்மேற்குக்கும் நேராகக் கிடக்கிறது. வாடையும் சோழகமும் வரும் திசைகள் இவையே.

இதனால் விளையும் நன்மை யாது? விமானத்தை மேலே தூக்குவது அதன் இறக்கைகளைத் தழுவிச் செல்லும் காற்றின் வேகமாகும். மணிக்கு 200 கிலோமீற்றர் வேகத்தில் எழும் விமானமொன்றை எடுத்துக்கொள்வோம். எதிரே 40 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வீசினால், தரையில் 160 கிலோமீற்றர் வேகம் போதும். ஓடவேண்டிய தூரமும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காகக் குறையும். அதே காற்று பின்னிருந்து வீசினால் தூரம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். ஆகவே சோழகக் காலத்தில் தென்மேற்கு நோக்கியும், வாடைக் காலத்தில் வடகிழக்கு நோக்கியும் விமானங்கள் எழுவதும் இறங்குவதும் இயல்பு.

இடையூறுகளும் இல்லாமலில்லை. பருவங்கள் மாறும் சித்திரையிலும் ஐப்பசியிலும் காற்று நிலைகொள்ளாது; மாலையில் இடிமுகில்கள் திரளும். உச்சிவெயிலில் காற்று ஐதாவதால் விமானம் நெடுந்தூரம் ஓடவேண்டும். நனைந்த பாதையில் சில்லுகளின் பிடி தளரும். அடையாளமற்ற நீர்ப்பரப்பின் மேலாக வரும் விமானி உயரத்தைக் கண்ணால் மதிப்பிடுவதும் அரிது. எனினும் குடாநாட்டில் மலைகள் இல்லாமை பெரும் பேறாகும்.

இரண்டாம் உலக மகாயுத்தக் காலத்தில் பிரித்தானிய விமானப்படை அமைத்த தளம் இது. 1947 டிசெம்பர் 10ஆம் திகதி எயார் சிலோனின் முதற் சேவை, டக்கோட்டா விமானத்தில் இரத்மலானையிலிருந்து இவ்வழியாகவே சென்னைக்குச் சென்றது. உள்நாட்டுப் போர் அத்தொடர்பை அறுத்தது. 2019 ஒக்டோபர் 17இல் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது; பெருந்தொற்றினால் நின்ற சென்னைச் சேவை 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கியது. அச்சேவையில் ஈடுபட்டது ஏறக்குறைய 70 ஆசனங்களையுடைய ஏ.ரி.ஆர். சுழல்விசிறி விமானமே. பெரிய ஜெற் விமானங்களுக்கு இதனினும் நீண்ட பாதை வேண்டும்.

இங்கேதான் சிக்கல் எழுகிறது. ஓடுபாதையின் திசையைக் காற்று நிர்ணயிக்கிறது. மனிதர் விரும்பியபடி அதைத் திருப்ப முடியாது. நீட்டுவதாயின் அதன் இரு நுனிகளிலேயே நீட்டவேண்டும். வடகிழக்கே கரையோரம், தென்மேற்கே செம்மண் தோட்டங்கள். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த மக்களின் காணிகள் இத்தளத்தைச் சூழ்ந்தே உள்ளன. அவற்றுட் பல மீளளிக்கப்பட்டன. எஞ்சியவற்றுக்காக உரியோர் நெடுங்காலம் காத்திருந்தனர். வானவழி வளர்வது வடபுலத்துக்கு நன்மையே. ஆயினும் ஓடுபாதையின் நீளத்தைக் கணக்கிடுவோர், காற்றின் வேகத்தோடு அம்மண்ணுக்குரியோரின் உரிமையையும் சேர்த்துக் கணக்கிடுதல் வேண்டும்.