தெளிந்த நீரெல்லாம் சுத்த நீரா?

வேலந்தாவளம் கடைத்தெருவில் காலை பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்களில் பாலக்காடு பக்கம் விடுதி வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. அவர்களில் ஒருவர் என் நண்பர். தென்னந்தோப்பில் சொட்டு நீர்ப் பாசனத்துக்கு வைத்திருந்த மணல் பில்டரைக் கழுவிக் கழுவித் தொழில் பழகியவர். இப்போது ஒரு விடுதியின் நீச்சல் குளத்து மோட்டாரும் பில்டரும் இவர் பொறுப்பு. ரயில்வேயில் எனக்கு ஓய்வாக இருந்த ஒரு நாள் அவருடன் போய் வந்தேன்.

குளத்தின் அடியில் பதித்த நீல ஓடுகள் ஒவ்வொன்றும் தெரிந்தன. “தண்ணீர் பளிங்கு போல் இருக்கிறதே!” என்றேன்.

“பளிங்காட்டம் இருந்தாப் போதுமுங்களா, அண்ணா? கண்ணுக்குத் தெரியாதது உள்ளே இருந்தா என்ன பண்ணறது?” என்றார்.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. வெதுவெதுப்பான நீரில் வளரும் ஒருவகை அமீபா, குளிக்கும்போது மூக்கின் வழியே ஏறி மூளையைத் தாக்கும். கேரளத்தில் இந்நோய் முதன்முதலில் 2016-ல் ஆலப்புழையில் தெரிய வந்தது. 2024, 2025 ஆண்டுகளில் பல மாவட்டங்களில் உயிர்களைப் பறித்தது. இது உயிருக்கு மிகவும் ஆபத்தான நோய். அந்த நீரைக் குடிப்பதால் இது வராது. ஒருவரிடமிருந்து மற்றவருக்கும் தொற்றாது. குளோரின் சரியாக இருக்கும் நீரில் இந்தக் கிருமி தங்காது.

அந்தக் குளோரினைக் குளம் முழுவதும் கொண்டு சேர்ப்பது மோட்டார்தான். குளத்து நீர் முதலில் ஒரு வடிகூடை வழியே வருகிறது. இலையும் தலைமுடியும் அங்கே தங்கிவிடும். பிறகு பம்ப் அதை இழுத்து மணல் பில்டருக்குள் தள்ளுகிறது. மணல் அழுக்கைப் பிடித்துக்கொள்ள, நீர் குளத்துக்குத் திரும்புகிறது. மணல் அழுக்கைத்தான் பிடிக்கும், கிருமியைக் கொல்லாது. அது குளோரினின் வேலை.

பில்டர் மேல் ஒரு பிரஷர் மீட்டர் உண்டு. மணல் சுத்தமாக இருக்கும்போது முள் காட்டும் அளவைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். அதைவிட 8 முதல் 10 பவுண்டு ஏறினால் மணல் அடைத்துக்கொண்டது என்று பொருள். உடனே மோட்டாரை நிறுத்தி, வால்வைத் திருப்பி, நீரை எதிர்த்திசையில் 2, 3 நிமிஷம் விட்டு அழுக்கை வெளியேற்ற வேண்டும். பிறகு அரை நிமிஷம் அலசிவிட்டுத்தான் பழைய நிலைக்குத் திருப்ப வேண்டும். மோட்டார் ஓடும்போது வால்வைத் திருப்பினால் உள்ளே இருக்கும் ரப்பர் போய்விடும்.

முள் இறங்கினால் கோளாறு வேறு. வடிகூடை அடைத்திருக்கும், அல்லது இம்பெல்லரில் ஏதாவது சிக்கியிருக்கும். குளத்தில் குமிழி குமிழியாக வந்தால், பம்ப் எங்கோ காற்றை இழுக்கிறது. மூடியின் ரப்பர் வளையத்தைப் பார்க்க வேண்டும். குளத்தில் நீர் மட்டம் குறைந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மோட்டார் உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால் கன்டென்சர் போயிருக்கலாம், இம்பெல்லர் இறுகியிருக்கலாம், வோல்டேஜ் குறைந்திருக்கலாம். பம்புக்கும் மோட்டாருக்கும் நடுவே நீர் சொட்டினால் சீல் தேய்ந்துவிட்டது. சிறிய சீலை மாற்றச் சோம்பினால் பேரிங்கும், பிறகு மோட்டாரும் போகும்.

போன கோடையில் முதலாளி, “கரண்டு பில் ஏறுகிறது, ஒரு மணி நேரம் ஓட்டினால் போதும்” என்றாராம். நண்பர் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். நீளம் 10 மீட்டர், அகலம் 5, சராசரி ஆழம் 1.2. ஆக 60,000 லிட்டர். பம்ப் மணிக்கு 10,000 லிட்டர் இறைக்கிறது. குளத்து நீர் ஒரு சுற்று வரவே 6 மணி நேரம் வேண்டும். முதலாளி கேட்கவில்லை.

நாலாம் நாள் விடுமுறைக் கூட்டம். குழந்தைகள் நிறைந்திருந்தார்கள். சோதனைக் குப்பியில் மருந்து விட்டும் நிறம் ஏறவில்லை. நண்பர் எல்லோரையும் கரையேறச் சொல்லிக் குளத்தை மூடிவிட்டார்.

“வேலை போயிடும்னு தெரியுமுங்க. ஆனா அதுல இருந்ததெல்லாம் பச்சப் புள்ளைங்க!” என்றார்.

அன்று ஏச்சு விழுந்தது. மறுநாள் அவர் தம் நோட்டை நீட்டினார். மோட்டார் ஓடிய நேரம் குறைந்த நாள்முதல் குளோரின் அளவும் இறங்கி வந்தது தேதிவாரியாக அதில் இருந்தது. முதலாளி படித்துப் பார்த்துவிட்டு, 6 மணி நேரம் ஓட்டச் சம்மதித்தார்.

இத்தொழிலில் நம்மவர் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு நண்பர் சொல்வது இது: குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் இருக்கட்டும். கார அமில அளவு 7.2-க்கும் 7.8-க்கும் நடுவே நிற்கட்டும். அதற்கு மேல் போனால் குளோரினின் வீரியம் குறையும். பிளீச்சிங் பவுடரையும் அமிலத்தையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். எழும் வாயு உயிரைக் குடிக்கும். மெயினை அணைத்து, பியூஸைப் பிடுங்கிய பிறகே மோட்டாரில் கை வையுங்கள். அடித்தளத்து வடிகால் மூடி உடைந்திருந்தால் யாரையும் குளத்தில் இறங்கவிடாதீர்கள். பம்ப் இழுக்கும் வேகத்தில் கை, காலோ தலைமுடியோ சிக்கிக்கொள்ளும்.

மாலையில் புறப்படும் முன் அவர் நோட்டை எடுத்தார். மீட்டர் அளவு, குளோரின், மோட்டார் ஓடிய நேரம் என்று மூன்று வரி எழுதிக் கையெழுத்திட்டார். ஸ்டேஷனில் நாங்கள் எழுதும் ரிஜிஸ்டர் என் நினைவுக்கு வந்தது. அவரை எழுதச் சொன்னவர் யாருமில்லை.