போத்தலுக்குள் ஓணான், இடாப்புக்குள் ஊர்

“செத்த பல்லிக்கு என்னத்துக்கு மாமா இடாப்பு?” என்று கேட்டார் மருமகன். உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறவர். ஆய்வுகூட அலுமாரியைத் துப்புரவு செய்யச் சொல்லியிருக்கிறார்கள். மேல்தட்டில் மஞ்சளித்த திரவத்துக்குள் ஒரு ஓணான், இரண்டு தேரை, ஒரு பாம்புக்குட்டி. எந்தப் போத்தலிலும் ஓரெழுத்தும் இல்லை. ஊற்றிக் கழுவிவிட்டுப் போத்தல்களை வேறு வேலைக்கு எடுத்தால் என்ன என்பது அவருடைய நியாயம். கல்முனை பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் இரண்டு இஞ்சிப் பிளேன்டிக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்தோம்.

முதலில் அந்தத் திரவத்தைப் பற்றிச் சொன்னேன். நூதனசாலைக்காக ஒரு தவளையைப் பாதுகாக்கிறவர் முதல் வேலையாக அதன் நிறத்தைப் படம் பிடித்து, எழுதியும் வைத்துக்கொள்வார். நிறம் நிற்காது என்பதுதான் காரணம். பச்சைத் தவளையின் தோலில் பச்சைச் சாயம் என்று தனியாக ஒன்றில்லை. மேலே மஞ்சள் நிறப்பொருள் இருக்கிறது, அதற்குக் கீழே ஒளியைச் சிதறவைத்து நீலமாகக் காட்டும் படை இருக்கிறது. இரண்டும் சேர்ந்துதான் நமக்குப் பச்சை. எதனோலில் மஞ்சள் கரைந்துவிடும், தவளை நீலமாகும், வருடங்கள் போகப் பழுப்பாகும். போத்தலைப் பார்த்துவிட்டு நீலத்தவளை கண்டுபிடித்தேன் என்று யாரும் துள்ளக்கூடாது.

அடுத்தது, ஈரலிலோ தொடைத்தசையிலோ ஒரு சிறு துண்டு வெட்டிக் கடும் எதனோலில் தனிக் குப்பியில் போடுவார்கள். அது டீ.என்.ஏ. ஆய்வுக்கு. அதற்குப் பிறகுதான் உடல் ஃபோமலினுக்குப் போகும், பத்து வீதக் கரைசலுக்கு. வயிற்றுக்குள்ளும் ஊசியால் ஏற்றுவார்கள், இல்லாவிட்டால் வெளியே இறுகி உள்ளே அழுகும். விரல்களை விரித்து, கால்களை மடித்து, பாம்பென்றால் போத்தலின் அகலத்துக்குச் சுருட்டி, அந்த நேரமே ஒழுங்கு பண்ணிவிட வேண்டும். ஒருமுறை இறுகிவிட்டால் பிறகு வளையாது. சில நாட்கள் கழித்துத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, எழுபது வீத எதனோலுக்கு மாற்றுவார்கள். வாற்பேத்தைகளை மட்டும் பெரும்பாலும் ஃபோமலினிலேயே விட்டுவிடுவார்கள், எதனோலில் அவை சுருங்கிப்போகும்.

ஃபோமலினின் இந்தக் குணத்தை 1893 இல் கவனித்தவர் பேர்டினண்ட் புளூம் என்ற ஜெர்மானியர். அதற்கு முந்திய காலத்துச் சேகரிப்பாளர்களுக்குக் கைகொடுத்தது ஸ்பிரிட், அல்லது கிடைத்த சாராயம். நமக்கு ஹறாமான சரக்கு தவளைக்குக் காவல். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது: ஃபோமலின் புரதங்களைப் பின்னிப் பூட்டும்போது டீ.என்.ஏ.யையும் சேர்த்துப் பூட்டிவிடும். அதனால் சாராயத்தில் மட்டும் கிடந்த பழைய உடலிலிருந்து மரபணு எடுப்பது, பின்னால் வந்த ஃபோமலின் உடலிலிருந்து எடுப்பதைவிடச் சிலவேளை இலகு.

“சரி மாமா, இது பக்குவம். இடாப்பு எங்கே வருது?”

பிராணியைப் பிடித்த இடத்திலேயே வந்துவிடுகிறது. நனைந்தாலும் கிழியாத தடித்த கடதாசியில், எதனோலில் கரையாத மையால் அல்லது பென்சிலால், ஓர் எண். அதை நூலால் முழங்காலுக்கு மேலே கட்டுவார்கள். காலில்லாத பாம்புக்குக் கழுத்தடியில் அல்லது உடலைச் சுற்றி. போத்தலுக்கு வெளியே ஒட்டிய கடதாசியை நம்பவே கூடாது. பசை காய்ந்து விழும், வெள்ளிப்பூச்சி தின்னும், மூடியில் எழுதியிருந்தால் மூடி மாறிப்போகும். எண் உடலோடு இருக்க வேண்டும், கடதாசியும் திரவத்துக்குள்ளேயே கிடக்க வேண்டும்.

அதே எண் களக்குறிப்புப் புத்தகத்திலும் இருக்கும்: எந்த இடம், கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம், எத்தனை மணி, வயல் வரம்பிலா களப்புக் கரையிலா, பிடித்தவர் யார். நூதனசாலைக்கு வந்ததும் நிரந்தர எண் ஒன்று கிடைக்கும். அதைப் பதிகிற புத்தகம்தான் இடாப்பு. அந்த எண்ணை நமது அடையாள அட்டை இலக்கம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். வீடு மாறினாலும் பெயரைத் திருத்தினாலும் இலக்கம் அதேதான், ஆள் மவுத்தானாலும் அது இன்னொருவருக்குப் போகாது. போத்தல் உடைந்து உடல் அழிந்தாலும் அந்த வரியை வெட்டமாட்டார்கள், “இழக்கப்பட்டது” என்று பக்கத்தில் எழுதித் திகதி போடுவார்கள். பிழையான பெயர் எழுதிய பழைய துண்டையும் எறியமாட்டார்கள். திருத்தியவர் தன் பெயரும் வருடமும் போட்டுப் புதிய துண்டொன்றைப் பக்கத்தில் சேர்ப்பார்.

பெயர் மாறிக்கொண்டேதான் இருக்கும். நமது நாட்டுப் பற்றைத்தவளைகளை ‘ஃபிலாவுட்டஸ்’ என்று நீண்ட காலம் எழுதினார்கள். 2009 க்குப் பிறகு அவை ‘சூடோஃபிலாவுட்டஸ்’. ஒரு நாளில் நூற்றுக்கணக்கான போத்தல்களின் பெயர் பழசாகிவிட்டது. எண்ணும் ஊரும் திகதியும் மட்டும் அப்படியே நின்றன.

எண்ணிலும் ஒரு பொறி இருக்கிறது. லண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலை பழைய முறையில் வருடம், மாதம், திகதி, வரிசை என்று புள்ளி வைத்து எண் கொடுக்கும். பார்த்தால் பிராணி வந்துசேர்ந்த திகதி போலத்தான் இருக்கும். ஆனால் அங்குள்ள ஊர்வன, ஈருடகவாழிகளின் வகைமாதிரிகள் பலவற்றுக்கு, அதாவது ஓர் இனத்துக்குப் பெயர் வைக்க ஆதாரமான உடல்களுக்கு, 1946, 1947 இல் புது எண் போட்டார்கள். ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டில் செத்த தவளை, எண்ணைப் பார்த்தால் 1947 இல் வந்ததுபோல் இருக்கும். இடாப்பின் முன்பக்கத்தைப் புரட்டாதவர் நூறு வருடம் ஏமாந்துபோவார்.

ஆனாலும் என் கணக்கில் இடாப்பின் மிகக் கஷ்டமான கட்டம் ‘இடம்’ என்பதுதான். பெயரைப் பிறகும் திருத்தலாம். இடத்தைப் போத்தலுக்குள் பார்த்துக் கண்டுபிடிக்க இயலாது. நமது கரையையே எடுங்கள். 1950களின் துண்டொன்றில் “மட்டக்களப்பு மாவட்டம்” என்று இருந்தால் அது இன்றைய மட்டக்களப்பாக இருக்கவேண்டிய கட்டாயமில்லை. அம்பாறை மாவட்டம் தனியாகப் பிரிந்தது 1961 இல். அதற்கு முந்திய கல்முனைத் தவளையும் பொத்துவில் ஆமையும் மட்டக்களப்புக் கணக்குத்தான். “கல்லோயா” என்று மட்டும் எழுதியிருந்தால் இன்னும் சிக்கல். 1949 க்கு முன்னென்றால் அது ஒரு ஆறும் அதன் கரைக் காடும். இங்கினியாகலையில் அணைகட்டிய பிறகென்றால் ஒரு குளம், வாய்க்கால்கள், குடியேற்றம். பழைய துண்டு சொல்லும் இடம் இன்று சேனாநாயக்க சமுத்திரத்தின் அடியிலும் கிடக்கலாம். “கரைவாகு” என்று யாராவது எழுதி வைத்திருந்தால் வெளிநாட்டு ஆய்வாளர் வரைபடத்தில் தேடிக் களைத்துப்போவார், நமது ஊரில் ஒரு வயசாளியிடம் கேட்டால் ஒரு வெற்றிலை மெல்லும் நேரத்தில் பதில் வரும்.

இப்போது தொலைபேசியே அகலக்கோடு, நெட்டாங்கு சொல்கிறது. அதிலும் கவனம் வேண்டும். பாகையில் ஒரு தசம இடத்தோடு நிறுத்தினால் ஏறக்குறைய பதினொரு கிலோமீற்றர் ஆட்டம். கல்முனையில் பிடித்தது நிந்தவூரையும் தாண்டிப் போய்விடும். நான்கு தசமம் எழுதினால் பதினொரு மீற்றருக்குள் வரும்.

இடம் எழுதாததன் விலை எவ்வளவு என்று மருமகனுக்கு இரண்டு தவளைகளின் கதை சொன்னேன். 1990களில் ரொஹான் பெத்தியாகொடவின் வைல்ட்லைஃப் ஹெரிடேஜ் டிரஸ்ட் இலங்கைக் காடுகளில் தவளைகளைத் தேடியது. பெயரில்லாத பற்றைத்தவளைகள் கூட்டங்கூட்டமாகக் கிடைத்தன. கிடைத்தது உண்மையில் புதிதா, நூறு வருடத்துக்கு முன் யாராவது பெயர் வைத்ததா என்று எப்படித் தெரியும்? பழைய போத்தல்களை ஒவ்வொன்றாகத் திறந்து ஒப்பிட வேண்டும், அவை பெரும்பாலும் ஐரோப்பாவில். கெலும் மனமேந்திர ஆரச்சியும் பெத்தியாகொடவும் அந்த வேலையை முடித்து 2005 இல் இருபத்தேழு புதிய இனங்களை விவரித்தார்கள். ஒப்பிட்டபோது எதிர்மாறான செய்தியும் வந்தது: போத்தலில் இருக்கும் சில தவளைகள் காட்டில் எங்கும் இல்லை. 2007 இல் மாதவ மீகஸ்கும்புரவும் குழுவினரும் லண்டன் போத்தல்களிலிருந்தே இரண்டு புதிய இனங்களுக்குப் பெயர் வைத்தார்கள், ‘மாயா’ என்றும் ‘பார்டஸ்’ என்றும். இரண்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிடிபட்டவை. பெயர் வைத்த அன்றே அழிந்த இனங்களின் பட்டியலில் சேர்ந்தன. அவற்றின் துண்டில் ஊர் என்ன தெரியுமா? “சிலோன்.” அவ்வளவுதான். எந்த மலை, எந்தக் காடு வெட்டுப்பட்டதால் போயின என்று இனி எவரும் சொல்ல இயலாது. அவற்றைப் போத்தலில் போட்டவர் இன்னும் நாலு சொல் எழுதியிருக்கலாம். எனக்கு அந்த மனிதர்மேல் இன்றைக்கும் கோபம் உண்டு.

மறுபக்கமும் இருக்கிறது. ‘அடெனோமஸ் கண்டியானஸ்’ என்ற தேரையை அல்பேர்ட் குந்தர் 1872 இல் விவரித்தார். பிறகு யாரும் காணவில்லை, அழிந்தது என்றே அறிவித்துவிட்டார்கள். சிவனொளிபாதமலைப் பக்கத்து ஓடையொன்றில் அது உயிரோடு இருப்பது 2012 இல் வெளிவந்தது. அதுதான் இது என்று சொல்ல முடிந்ததற்குக் காரணம், குந்தர் பார்த்த உடல் இன்னும் எண்ணோடு இருப்பது.

“தவளை போனால் போகட்டும், அதால மனிசனுக்கு என்ன?” என்று பக்கத்து மேசையிலிருந்து ஒருவர் கேட்டார். நல்ல கேள்விதான். உலகெங்கும் தவளைகளைக் கொன்ற தோல்பூஞ்சணத்தை 1990களின் கடைசியில்தான் அடையாளம் கண்டார்கள். அது எப்போது, எங்கே இருந்தது என்று பின்னோக்கிப் பார்க்க நேரடியான வழி பழைய போத்தல்கள். தென்னாபிரிக்க ஆய்வாளர்கள் 1879 முதல் 1999 வரை சேகரித்த 697 தவளைகளின் தோலைச் சோதித்தார்கள், 2004 இல் முடிவு வந்தது. அந்தத் தொகுதியில் நோய் தெரிந்த மிகப் பழைய உடல் 1938 இல் பிடித்தது. அதைப் போத்தலில் போட்டவருக்குப் பூஞ்சணம் பற்றி ஒன்றும் தெரியாது. ஊரையும் திகதியையும் எழுதினார். போதுமாயிருந்தது.

நமது நாட்டுச் சேகரிப்புக்கு வந்தால், கொழும்பு நூதனசாலை 1877 இல் திறந்தது. 1939 இலிருந்து 1963 வரை அதை நடத்திய பி. ஈ. பி. தெரணியகல ஊர்வனவற்றில் பெரும் ஆர்வமுள்ளவர். நமது அம்பாறை, மொனராகலைப் பாறைகளில் வாழும் ‘கலோடாக்டைலோடஸ்’ பேரினத்துப் பாறைப்பல்லியை 1953 இல் விவரித்தவரும் அவரே. ஆனால் சேகரிப்பு என்றால் பெரும்பாலும் ஈரவலயம், மலைநாடு. வறண்ட கிழக்குக் கரைக்கு வந்தவர்கள் குறைவு. யுத்தகாலத்தில் யார் காட்டுக்குள் போய்த் தவளை தேடுவது? இப்போது ஒலுவிலில் பல்கலைக்கழகம், சம்மாந்துறையில் அதன் பிரயோக விஞ்ஞான பீடம். கரைவலையில் கடற்பாம்பு வந்தால் விசாரிக்கப் பக்கத்திலேயே ஆள் இருக்கிறது.

போத்தலைக் காப்பதும் லேசில்லை. நமது வெக்கையில் எதனோல் தண்ணீரைவிட வேகமாகப் பறக்கும். மட்டம் குறைந்ததென்று கண்ணால் பார்த்து நிரப்பினால் போதாது, எஞ்சியிருப்பது அனேகமாகத் தண்ணீர். அடர்த்திமானியால் அளந்து நிரப்ப வேண்டும். எதனோல் எரியவும் செய்யும். பிரேசிலின் புட்டாந்தான் நிறுவனத்தில் 2010 மே மாதம் பிடித்த தீயில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பாம்புகள் போயின. ஒரே இடத்தில் ஒரே பிரதி என்றால் என்னவென்று 2004 மார்கழிச் சுனாமிக்குப் பிறகு பிறப்புச் சான்றிதழ் தேடிக் கந்தோர் கந்தோராக அலைந்த நமது ஊர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இடாப்பையாவது நகல் எடுத்து வேறு ஊரில் வைக்க வேண்டும்.

மருமகன் உற்சாகமாகிவிட்டார், நாளைக்கே களப்புக்குப் போய் நாலு தவளை பிடிப்போம் என்றார். வேண்டாம் என்றேன். வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியில்லாமல் பிடிப்பது குற்றம். ஃபோமலின் புற்றுநோய் உண்டாக்கும் பொருள், வீட்டுக் குசினியில் விளையாடக் கூடாது. படம் எடுக்கலாம், திகதியும் நான்கு தசம இடமும் எழுதலாம்.

“அப்ப அந்த அலுமாரிப் போத்தல்?”

அதை ஊற்றவேண்டாம். கையுறை போட்டு, யன்னலைத் திறந்துவைத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுங்கள். கடதாசியில் பென்சிலால் “இடம் தெரியாது, பிடித்த திகதி தெரியாது” என்று எழுதுங்கள், கண்டெடுத்த அலுமாரியையும் இன்றைய திகதியையும் எழுதுங்கள். “கல்முனையாக இருக்கலாம்” என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஊகம் ஒருமுறை இடாப்பில் ஏறினால் அடுத்தவர் அதை உண்மையாகத்தான் வாசிப்பார். பிறகு உங்கள் பாடசாலையில் முன்பு உயிரியல் படிப்பித்து ஓய்வுபெற்ற சேர் ஒருவர் இருப்பாரே, அவரிடம் போய்க் கேளுங்கள். அவர் சொல்வதை அவர் பெயரோடு எழுதுங்கள்.